வாக்கியத்தில் அமைத்து எழுதுக: கொடுவா



தமிழ்த் தேர்வில் அடிக்கடி இடம்பெறும் வினா ஒன்று உண்டு. "பின்வரும் சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக" என்பதே அது. மதிப்பெண் சிறிதுதான். ஆயினும் ஒரு மாணவிக்கு ஒரு சொல் எந்த அளவுக்குத் தெரியும் என்பதை இந்த வினாவைப் போலக் காட்டித் தருவது வேறில்லை. பொருள் தெரியாதவள், "இந்தச் சொல் எனக்குப் பிடிக்கும்" என்ற பாணியில் ஒரு வாக்கியம் எழுதித் தப்பித்துக்கொள்ளப் பார்ப்பாள். அதில் இலக்கணப் பிழை இராது. ஆனால் அங்கே எந்தச் சொல்லை வைத்தாலும் பொருந்தும். நல்ல வாக்கியமோ, அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தால் உடனே பொருள் கெட்டுவிடும்படி இருக்கும். அந்த இடம் அந்தச் சொல்லுக்கே உரியதாக இருக்கும்.

இவ்வாண்டு மலரில் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு இந்தக் கலையைப் பயில்வோம். அந்தச் சொல் 'கொடுவா'. நம்முள் கடலோரத்துப் பிள்ளைகளுக்கு இது அடுப்படியில் கேட்டு வளர்ந்த சொல். உள்நாட்டிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது புதிய சொல். முன்னவர் பொருளை நன்கு அறிவர்; பின்னவர் அதைக் கேட்டு அறிய வேண்டும். ஆகவே இருவரும் அருகருகே அமர்ந்து படிக்க இது ஏற்ற பாடம்.

1. பொருள் அறிதல்

பொருள் தெரியாமல் வாக்கியம் அமையாது. எனவே முதலில் கொடுவாவை அறிந்துகொள்வோம்.

கொடுவா என்பது கடலோரத்திலும் கழிமுகத்திலும் காயலிலும் வாழும் பெரிய மீன். முதுகு பசுமை கலந்த சாம்பல் நிறமாகவும், பக்கங்கள் வெள்ளியைப் போலவும் இருக்கும். தலை கூம்பி, வாய் அகன்றிருக்கும். மேல்தாடை கண்ணையும் தாண்டிப் பின்னே நீளும். வால் வட்டமாக இருக்கும். இருட்டில் விளக்கொளி பட்டால் கண் செம்மையாக மின்னும். செவுள் மூடியின் விளிம்பு கூர்மையானது. கவனக்குறைவாகப் பிடித்தால் விரலை அறுத்துவிடும். சந்தையில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் சில கிலோ எடையுள்ளவையே. ஆனால் முழு வளர்ச்சி பெற்ற கொடுவா 2 மீட்டர் நீளமும் 60 கிலோ எடையும் வரை வளரக்கூடியது.

இதன் உணவு சிறு மீன்களும் இறாலும். பதுங்கியிருந்து, இரை அருகே வந்ததும் வாயைத் திறந்து ஒரே இழுப்பில் விழுங்கும். தூண்டிலில் பட்டால் எளிதில் பணியாது. நீருக்கு மேலே துள்ளித் தலையை உதறும். இதனாலேயே பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவோர் இதனைப் பெரிதும் விரும்புகின்றனர். ஆஸ்திரேலியாவின் வடபகுதிக்கு இந்த மீனைத் தூண்டிலில் பிடிப்பதற்கென்றே வெகுதூரத்திலிருந்து பயணிகள் வருகின்றனர். நம் கரையிலோ இது பொழுதுபோக்கு மீனன்று. பழவேற்காட்டிலும் பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் தாமிரபரணியின் கழிமுகத்திலும் பல வீட்டு உலையில் அரிசி வேகக் காரணமாயிருக்கும் மீன்.

கொடுவாவின் வாழ்க்கை விந்தையானது. சால்மன் என்னும் மீன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறுகிறது. கொடுவா இதற்கு நேர்மாறானது. குஞ்சுப் பருவத்தில் காயலிலும் ஆற்றிலும் வளர்ந்து, முட்டையிடும் காலத்தில் உப்பு நீருள்ள கழிமுகத்துக்கு இறங்கி வருகிறது. ஒரு பெரிய தாய் மீன் ஒரு பருவத்தில் பல இலட்சம் முட்டைகள் இடும். இன்னொரு விந்தையும் உண்டு. பெரும்பாலான கொடுவாக்கள் முதலில் ஆணாக முதிர்கின்றன. சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறுகின்றன. ஆகவே மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் பெண் மீன்களே. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஆறுகளிலும் கடலோரத்திலும் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவையும், 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கொடுவாவையும் பொதுவாகப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. நீரில் விட்டுவிட வேண்டும். சிறியதை விடுவது வளரட்டும் என்பதற்காக. பெரியதை விடுவது அது தாய் என்பதற்காக.

2. பெயரைப் பிரித்து அறிதல்

கொடுவா என்பதற்குக் கொடுவாய் என்ற வடிவமும் உண்டு. அதைக் கொடு + வாய் என்று பிரித்தால் 'வளைந்த வாய்' என்று பொருள் வரும். 'கொடு' என்னும் அடைமொழிக்கு வளைந்த என்பது பழைய பொருள்களுள் ஒன்று. கொடுவாள் என்றால் வளைந்த வாள். கொடுமரம் என்றால் வில். செங்கோலுக்கு எதிரான கொடுங்கோல் என்பதும் வளைந்த கோலே. சங்கப் புலவர்கள் தூண்டில் முள்ளையும் வளைந்த வாயை உடைய இரும்பு என்று குறிப்பிட்டிருக்கின்றனர்.

இதே மீனைப் பிற மக்கள் எப்படிப் பெயரிட்டனர் என்று பார்ப்பதும் சுவையானது. ஜெர்மானிய மருத்துவரும் மீன் ஆராய்ச்சியாளருமான பிளாக் என்பவர் 1790-ல் இதனை அறிவியல் உலகுக்கு விவரித்தார். அதன் இலத்தீன் பெயரில் வரும் 'கால்காரிஃபெர்' என்ற சொல்லுக்கு 'முள்குதி உடையது' என்பது பொருள். ஆஸ்திரேலியாவில் வழங்கும் 'பாராமுண்டி' என்ற பெயர் குயின்ஸ்லாந்துப் பூர்வகுடிகளின் மொழியிலிருந்து வந்தது. 'பெரிய செதிளுள்ள ஆற்றுமீன்' என்பது அதன் பொருள் என்பர். தமிழர் வாயைப் பார்த்தனர். அறிஞர் முள்ளைப் பார்த்தார். ஆஸ்திரேலியப் பழங்குடியினர் செதிளைப் பார்த்தனர். மீன் ஒன்று, பார்வை மூன்று. கண்ணால் கூர்ந்து பார்த்தவர்களே பெயர் வைக்கிறார்கள் என்பது இதிலிருந்து விளங்கும்.

மலையாளத்தில் இது காளாஞ்சி, தெலுங்கில் பண்டுகொப்ப, வங்காளத்தில் பேட்கி, சிங்களத்தில் மோதா.

ஒரு சிறு எச்சரிக்கை. 'கொடுவா' என்பதைச் சேர்த்து எழுதினால் மீன். 'கொடு, வா' என்று பிரித்துக் காற்புள்ளி இட்டால் இரண்டு கட்டளைகள். "தம்பிக்குக் கொடுவா" என்று எழுதினால் தம்பிக்கு மீன் கிடைக்கும். "தம்பிக்குக் கொடு, வா" என்று எழுதினால் என்ன கொடுப்பது என்று அவன் கேட்பான்! இடைவெளியும் நிறுத்தற்குறியும் எவ்வளவு முக்கியம் என்பதை இதில் காணலாம்.

3. வேற்றுமை உருபு ஏற்றல்

கொடுவா என்பது ஆகாரத்தில் முடியும் பெயர். நிலா, பலா, புறா, விழா என்பவை இதன் உறவுகள். இவற்றின் பின் உயிரெழுத்தில் தொடங்கும் உருபு வந்தால், இடையே வகரம் உடம்படுமெய்யாகத் தோன்றும். நன்னூலார் கூறும் விதி இது. நிலாவை, பலாவில், விழாவுக்கு என்று வருவது போலவே கொடுவாவும் வரும்.

முதல் வேற்றுமை: கொடுவா துள்ளியது.
இரண்டாம் வேற்றுமை: பெரியப்பா கொடுவாவைத் தோளில் சுமந்து வந்தார்.
மூன்றாம் வேற்றுமை: அன்றைய கொடுவாவால் படகின் டீசல் கடன் தீர்ந்தது.
நான்காம் வேற்றுமை: கொடுவாவுக்கு உயிருள்ள இறாலை இரையாகக் கோத்தனர்.
ஐந்தாம் வேற்றுமை: கொடுவாவின் சிறியது இந்தப் பாரை.
ஆறாம் வேற்றுமை: கொடுவாவினது கண் இருட்டில் மின்னும்.
ஏழாம் வேற்றுமை: கொடுவாவில் நடுத்துண்டே சுவை மிகுந்தது.
எட்டாம் வேற்றுமை: கொடுவாவே, என் தூண்டிலுக்கு வா!

மூன்றாவது வாக்கியத்தைச் சற்று நின்று பாருங்கள். அங்கே 'கொடுவாவால்' என்பதை எடுத்துவிட்டு 'நெத்திலியால்' என்று போட்டால், எத்தனை கூடை வேண்டும் என்று கேட்கத் தோன்றும். ஒரே மீன் ஒரு குடும்பத்தின் கடனைக் குறைக்கும் அளவுக்கு விலைபோகும் என்பது பெயருக்குள்ளேயே இருக்கிறது. பெயரைக் குறிப்பாகச் சொல்வதன் பயன் இதுதான்.

4. வல்லினம் மிகுதலும் மிகாமையும்

நம் மாணவியர் மிகவும் தடுமாறும் இடம் இது. கொடுவாவை வைத்துக்கொண்டால் எளிதில் விளங்கும்.

(அ) இரண்டு பெயர்கள் சேர்ந்து ஒரு பொருளைக் குறிக்கும்போது வல்லினம் மிகும். பலாச்சுளை, நிலாச்சோறு, விழாக்காலம் என்பவற்றை நினைவில் கொள்க. அவ்வாறே கொடுவாக் குழம்பு, கொடுவாச் செதிள், கொடுவாத் தலை, கொடுவாப் பண்ணை என்று எழுதுக.

(ஆ) அடுத்து வருவது மெல்லினமோ இடையினமோ ஆயின் எதுவும் மிகாது. கொடுவா மீன், கொடுவா முள், கொடுவா வறுவல்.

(இ) கொடுவா எழுவாயாக நின்று, அடுத்து வினை வந்தால் வல்லினம் மிகாது. புறா பறந்தது என்பது போலக் கொடுவா பட்டது, கொடுவா குதித்தது, கொடுவா தப்பியது.

(ஈ) இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக வந்தால் மிகும்: கொடுவாவைப் பிடித்தார். உருபு மறைந்து வினை தொடர்ந்தால் மிகாது: கொடுவா பிடித்தார்.

அடுப்படியில் உள்ளது கொடுவாக் குழம்பு. கடலில் நடப்பது கொடுவா குதித்தல். இந்த இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டால் தேர்வில் தவறாது.

5. 'ஐ' எப்போது வேண்டும்?

"அம்மா கொடுவா வாங்கினார்" என்பதும் "அம்மா கொடுவாவை வாங்கினார்" என்பதும் ஒன்றா? இலக்கணப்படி இரண்டும் சரியே. பொருளில் நுட்பமான வேறுபாடு உண்டு. முதல் வாக்கியம், அம்மா இன்று வாங்கிய மீன் எந்த வகை என்பதைச் சொல்கிறது. இரண்டாவது, நாம் முன்பே பார்த்தோ பேசியோ வைத்திருந்த அந்தக் குறிப்பிட்ட கொடுவாவைச் சொல்கிறது. பேசும்போது நாம் இதில் பிழை செய்வதேயில்லை. எழுதும்போதுதான், "இலக்கணமாக இருக்கட்டும்" என்று எண்ணி எல்லா இடத்திலும் 'ஐ' சேர்த்துவிடுகிறோம். வாயில் வரும் இயல்பான தமிழைக் கைக்கும் பழக்குங்கள்.

6. திணையும் பாலும் எண்ணும்

கொடுவா அஃறிணை. ஒன்றாயின் வந்தது, பலவாயின் வந்தன. ஆண் கொடுவாவும் வந்தது. பெண் கொடுவாவும் வந்தது. தன் வாழ்நாளில் ஆணாயிருந்து பெண்ணாகும் இம்மீனுக்குத் தமிழ் இலக்கணம் எந்தத் தொல்லையும் தரவில்லை. ஒன்றன்பால் விகுதி இரு நிலைக்கும் பொருந்துகிறது.

எண்ணில் மட்டும் கவனம் தேவை. "மூன்று கொடுவாக்கள் வலையில் இருந்தன" என்பதே சரி. 'இருந்தது' என்பது பிழை. பேச்சில் "மூணு கொடுவா கிடந்தது" என்போம். பேச்சுக்கு அது தகும், கட்டுரைக்குத் தகாது.

உயிரினங்களின் பெயர் மரபை நம் முன்னோர் எவ்வளவு நுணுக்கமாகக் கவனித்தனர் என்பதற்குத் தொல்காப்பியத்தின் மரபியலே சான்று. காளையைக் குறிக்கும் 'ஏறு' என்னும் ஆண்பாற் பெயர் கடலில் வாழும் சுறாவுக்கும் உரியது என்று அது கூறுகிறது. மீனின் பெயர் இலக்கண நூலுக்கு ஏற்றதன்று என்று நம் இலக்கண ஆசிரியர்கள் ஒருபோதும் கருதியதில்லை.

7. ஏற்ற வினைச்சொல்லைத் தேர்தல்

ஒரு பெயருக்கு உரிய வினைகளைச் சேர்த்துப் படித்தால்தான் அப்பெயர் முழுமையாக வசப்படும். கடற்கரையில் "மீன் கிடைத்தது" என்பதைவிட "மீன் பட்டது" என்பதே மிகுதியான வழக்கு. அதிலிருந்தே 'பாடு', 'மீன்பாடு' என்ற பெயர்கள் வந்தன. "இன்று பாடு எப்படி?" என்று கேட்டால், பிடிபட்ட மீனின் அளவைக் கேட்பதாகப் பொருள். உள்நாட்டுப் பிள்ளைகள் 'பாடு' என்றால் துன்பம் என்றும் பாட்டுப் பாடச் சொல்வது என்றும் மட்டுமே அறிந்திருப்பர். இந்த மூன்றாவது பொருளையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கொடுவாவோடு சேரும் வினைகள் சில: கொடுவா வலையில் படும், தூண்டிலைக் கவ்வும், துள்ளும், நூலை அறுக்கும், காயலில் வளரும், கழிமுகத்துக்கு இறங்கும். மனிதர் அதைப் பிடிப்பர்; ஏலம் கூறுவர்; எடை போடுவர்; செதிள் சுரண்டுவர்; துண்டு போடுவர்.

இனி வகைக்கொரு வாக்கியம் காண்போம்.

செய்தி வாக்கியம்: மழைக்காலத்தில் முகத்துவாரத்தில் கொடுவா படும்.
வினா வாக்கியம்: அண்ணாச்சி, இந்தக் கொடுவா இன்று காலையில் பட்டதா?
விழைவு வாக்கியம்: அக்கா, கொடுவாவின் செதிளை நன்றாகச் சுரண்டித் தாருங்கள்.
உணர்ச்சி வாக்கியம்: அடேயப்பா, எவ்வளவு பெரிய கொடுவா!

தனிநிலைத் தொடர்: கொடுவா இறாலைத் தின்னும்.
தொடர்நிலைத் தொடர்: கொடுவா காயலில் வளர்கிறது, பருவத்தில் கழிமுகத்துக்கு இறங்குகிறது, அங்கே முட்டையிடுகிறது.
கலவைத் தொடர்: ஆறு கடலில் கலக்கும் இடம் மணலால் அடைபட்டால், காயலில் வளர்ந்த கொடுவா கடலுக்கு இறங்க வழியில்லாமல் போகும்.

கடைசி வாக்கியம் கற்பனையன்று. பழவேற்காடு போன்ற இடங்களில் முகத்துவாரம் மணல் மேடிட்டு அடைபடுவது மீனவரின் நீண்ட நாள் கவலை. படகு வெளியே போக முடியாது என்பது ஒரு துன்பம். மீன் உள்ளும் புறமும் போய்வர முடியாது என்பது கண்ணுக்குத் தெரியாத மற்றொரு துன்பம். மேல்வகுப்பு மாணவியர் கலவைத் தொடரைப் பயில இத்தகைய காரண காரியச் செய்திகளைத் தேர்ந்துகொண்டால், இலக்கணத்தோடு உலக அறிவும் வளரும்.

இன்னொரு செய்தியும் வாக்கியத்துக்கு உதவும். இப்போது கொடுவாவைப் பண்ணையிலும் வளர்க்கின்றனர். 1970-களின் தொடக்கத்தில் தாய்லாந்தில் இதன் குஞ்சுகளைச் செயற்கை முறையில் பொரிக்கச் செய்தனர். சென்னையில் 1987-ல் தொடங்கப்பட்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், 1990-களில் நம் நாட்டிலும் அம்முறையை நிலைநாட்டியது. பண்ணையில் ஒரு தொல்லை உண்டு. பெரிய குஞ்சு சிறிய குஞ்சை விழுங்கிவிடும். ஆகவே அடிக்கடி அளவு பார்த்துத் தரம் பிரித்து விடுகின்றனர். "மீன் குஞ்சுக்கு நீந்தக் கற்றுக்கொடுக்க வேண்டுமா?" என்பது பழமொழி. கொடுவாக் குஞ்சுக்கு விழுங்கவும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை!

8. பெயரை மறைக்கலாமா?

இலக்கணம் முடிந்தது. இனி அதைவிட முக்கியமான ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், "என் தாயின் ஒரு நாள்" என்ற தலைப்பில் ஒன்பதாம் வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். கரையோரத்து மாணவி ஒருத்தி, "என் தாய் அதிகாலையில் எழுந்து, சந்தைக்குச் சென்று, பொருள்கள் வாங்கி விற்பனை செய்வார்" என்று எழுதியிருந்தாள். எழுத்துப் பிழையே இல்லை. என்ன பொருள்கள் என்று கேட்டேன். தலை குனிந்து, "மீன் டீச்சர்" என்றாள். அதை ஏன் எழுதவில்லை என்றதற்கு, "பேரெல்லாம் எழுதினா சிரிப்பாங்க டீச்சர்" என்றாள்.

அவளை மீண்டும் எழுதச் சொன்னேன். மறுநாள் கொண்டுவந்தாள். விடியுமுன் ஏலத்துக்கு நிற்பது, கையில் உள்ள பணத்துக்கு எந்த மீன் எடுப்பது என்று மனக்கணக்குப் போடுவது, செவுளைத் தூக்கிச் சிவப்பைப் பார்ப்பது, ஒரு கொடுவா எடுத்தால் லாபம் கூடும், ஆனால் விற்காமல் நின்றுவிட்டால் நட்டமும் கூடும் என்று தயங்கிக் கடைசியில் சாளையும் காரலும் எடுப்பது, கூடையைத் தலையில் ஏற்றிப் பேருந்துக்கு நடப்பது என எல்லாம் அதில் இருந்தன. வகுப்பில் படிக்கச் செய்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. விடுதி மாணவியர், "காரல் என்றால் என்ன? கொடுவா எப்படியிருக்கும்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தனர். அன்று வகுப்பில் ஆசிரியை அவள்தான்.

முதல் கட்டுரையில் பொதுச்சொற்கள் இருந்தன, தாய் இல்லை. இரண்டாம் கட்டுரையில் மீன்களின் பெயர்கள் இருந்தன. அவற்றோடு தாயும் வந்துவிட்டார். 'பொருள்கள்' என்ற சொல்லுக்குள் அந்த அம்மையாரின் அறிவும் உழைப்பும் அடங்கவில்லை. 'கொடுவா எடுக்கலாமா, சாளை எடுக்கலாமா' என்ற தயக்கத்துக்குள் அடங்கின.

மாணவியரே, கரையில் வழங்கும் தமிழ் தாழ்ந்த தமிழன்று. 16-ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக் கரைக்கு வந்த அண்டிரிக் அடிகளார் இந்தக் கரையோர மக்களிடையே வாழ்ந்து, அவர்கள் வாயிலிருந்தே தமிழைக் கற்றார். அவர் தமிழாக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-ல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்திய மண்ணில் அச்சான முதல் நூல்களுள் அது தலையாயது. கடற்கரை மக்களுக்காக எழுந்த நூல் அது. அந்த மக்களின் பேரப்பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சொல்லைக் கட்டுரையில் எழுத வெட்கப்படலாமா?

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். இப்போது நகரங்களில் தலையும் தோலும் நீக்கி, பெட்டியில் அடைத்த மீன் துண்டுகள் வீடு தேடி வருகின்றன. உறைமேல் 'சீ பாஸ்' என்று எழுதியிருப்பது நம் கொடுவாதான் என்று எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? துண்டாகிவிட்ட மீனுக்குப் பெயர் மாற்றிச் சொல்வதும் எளிது. முழு மீனைப் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்தவரை ஏமாற்றுவது கடினம். விடுமுறை நாளில் ஒரு முறையேனும் பிள்ளைகளை மீன் சந்தைக்கு அழைத்துச் செல்லுங்கள். பெயர்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும். சென்னையில் வஞ்சிரம் எனப்படுவது தெற்கே நெய்மீன் என்றும் சீலா என்றும் வழங்கும். மத்தி என்பாரும் சாளை என்பாரும் ஒரே மீனையே சொல்கின்றனர். இதில் எது சரி என்று சண்டையிட வேண்டாம். எல்லாம் தமிழே, இரண்டையும் குறித்துவைத்துக்கொள்வோம். பெரியவர்கள் வாயில் இருக்கும்வரைதான் இப்பெயர்கள் உயிரோடிருக்கும். நம் நோட்டுப் புத்தகத்திலும் ஏறிவிட்டால் இன்னும் ஒரு தலைமுறை வாழும்.

9. பயிற்சி

அ. சேர்த்து எழுதுக:
1. கொடுவா + ஐ
2. கொடுவா + தலை
3. கொடுவா + கள்
4. கொடுவா + முள்

ஆ. பிழை திருத்துக:
1. வலையில் கொடுவாப் பட்டது.
2. கொடுவா குழம்பு மணக்கிறது.
3. நான்கு கொடுவாக்கள் கூடையில் இருந்தது.
4. தாத்தா கொடுவாவை கொண்டுவந்தார்.

இ. வாக்கியத்தில் அமைத்து எழுதுக (ஒரு சொல்லை எடுத்து வேறொன்றை வைத்தால் பொருள் கெட வேண்டும்):
சாளை, பாரை, இறால், காயல், பாடு.

ஈ. வீட்டுப் பணி:
உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள மூத்தவர் ஒருவரிடம் பத்து மீன்களின் பெயர்களைக் கேட்டு எழுதுக. ஒவ்வொன்றுக்கும் அவர் சொல்லும் அடையாளம் ஒன்றையும் சேர்த்து எழுதுக. உள்நாட்டு மாணவியர் மீனுக்குப் பதிலாக நெல் வகைகளையோ மாட்டின் நிறப் பெயர்களையோ எழுதலாம்.

விடைகள்:
அ. 1. கொடுவாவை 2. கொடுவாத்தலை 3. கொடுவாக்கள் 4. கொடுவாமுள்.
ஆ. 1. கொடுவா பட்டது 2. கொடுவாக் குழம்பு 3. கூடையில் இருந்தன 4. கொடுவாவைக் கொண்டுவந்தார்.

'இ', 'ஈ' ஆகியவற்றுக்கு விடை இங்கே இல்லை. அவை உங்கள் வீட்டில் இருக்கின்றன. கேட்டு எழுதி, பள்ளி திறந்த முதல் வாரத்தில் கொண்டுவாருங்கள். நல்ல பட்டியல்களை வகுப்புச் சுவரில் ஒட்டி அனைவரும் படித்து மகிழ்வோம்.

— தமிழாசிரியை